கரும்பலகையின் வலது பக்கம்

"எனக்குப் பிடிக்காததுன்னு ஒண்ணும் இல்லையே, டீச்சர். இல்லாதத எப்படி எழுத?"

ஆவுடையப்பன் கையில் சாக்பீசோடு நின்றபடி இப்படிக் கேட்டார். இடம் பாளையங்கோட்டை, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையின் மாடி. ஸ்பானிஷ் வகுப்பின் ஏழாவது நாள்.

கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கத் தலைப்பு ‘மெ குஸ்தா’. எனக்குப் பிடிக்கும். வலது பக்கத் தலைப்பு ‘நோ மெ குஸ்தா’. எனக்குப் பிடிக்காது.

இடது பக்கத்தில் அவர் இட்லி தொடங்கி இமயமலை வரை பத்தொன்பது எழுதியிருந்தார். இமயமலையை அவர் பார்த்ததே இல்லை. வலது பக்கம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

ஆவுடையப்பனுக்கு வயது ஐம்பத்தெட்டு. டீச்சர் ஜெசிந்தாவுக்கு இருபத்தொன்பது. நாலு வருஷம் மாட்ரிட்டில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். அதிகம் பேசமாட்டாள்.

அன்றைக்கும் பேசவில்லை. பிளாஸ்கைத் திறந்து ஒரு தம்ளர் டீ ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

ஒரு வாய் குடித்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. முகம் ஒரு கணம் கோணி, உடனே நேராகிவிட்டது. முப்பத்தைந்து வருஷம் அலுவலகத்தில் "சரிங்க சார்" சொல்லிப் பழகிய முகம், அவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்காது.

"டீ எப்படி இருக்கு அண்ணாச்சி? ஸ்பானிஷ்ல சொல்லுங்க."

"மெ குஸ்தா."

"அப்போ இன்னொரு தம்ளர்."

குடித்தார்.

"இப்போ?"

"மெ குஸ்தா, டீச்சர்."

மூன்றாவது தம்ளரும் வந்தது. பாதியில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. துண்டால் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தார்.

"பிளாஸ்க்ல இன்னும் இருக்கு."

"பரவால்ல, ஊத்துங்க."

ஜெசிந்தா பிளாஸ்கை மூடினாள். "நாளைக்கு வாங்க," என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவர் மூன்று இடத்தில் நின்று தண்ணீர் குடித்தார்.



இந்த வயதில் இந்த மனுஷன் ஸ்பானிஷ் படிக்க வந்ததற்கு அவருடைய தலையாட்டல்தான் காரணம்.

மகள் வடிவுக்கு ஸ்பெயினில் வலென்சியாவில் வேலை. அங்கே மத்தேயோ என்கிற பையனைப் பிடித்துப்போனது. போன மார்கழியில் அவனை ஊருக்குக் கூட்டிவந்து பதினைந்து நாள் வீட்டில் தங்கவைத்தாள். பிறகு ஒரு நாள் வீடியோவில் பையனின் அப்பா அன்செல்மோ வந்தார். ஆரஞ்சுத் தோப்புக்காரர். மனைவி தவறிப்போய் ஆறு வருஷம். இருப்பது இந்த ஒரே மகன்.

"என் பையனை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார். வடிவு தமிழில் சொன்னாள்.

ஆவுடையப்பன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "பரவால்ல," என்றார்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு மாமனார் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு பாராட்டு வராது. தங்கத்தைக் கொண்டுவந்து கொட்டினாலும் பரவாயில்லைதான். ஆனால் இது வலென்சியாவுக்குத் தெரியுமா? அன்செல்மோ பார்த்தது, பக்கவாட்டில் ஆடிய ஒரு தலையை. கூடவே, ஒன்றும் சொல்லாத ஒரு முகத்தை.

அவர் மகனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "அந்த மனிதருக்கு உன்னைப் பிடிக்கவில்லை. பிடிக்காத வீட்டில் நீ மாப்பிள்ளையாகப் போக வேண்டாம்." யார் சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. "நானே நேரில் போகிறேன். அவர் வாயால், என் பாஷையில், நடுவில் யாரும் இல்லாமல் கேட்கிறேன். அப்புறம் பார்க்கலாம்." மாதக் கடைசிக்கு டிக்கெட் போட்டுவிட்டார்.

வடிவு போனில் அழுதாள்.

"எனக்கு அவனப் பிடிச்சிருக்கும்மா. இத நீயே அவருகிட்ட சொல்லேன்," என்றார் ஆவுடையப்பன்.

"நீங்க எல்லாத்துக்கும்தான அப்படிச் சொல்லுவீங்க? உங்களுக்கு அவன நெசமாவே பிடிச்சிருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலப்பா."

பெற்ற மகளே இப்படிச் சொன்னது அவருக்கு நெஞ்சில் தைத்தது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாளே காயில் கடை மாடியில் போய் நின்றார்.



எட்டாவது நாள் ஜெசிந்தா கீழே கடைக்குப் போய் ஒரு பழைய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துருப் பிடித்து, ஒரு பக்கம் உடைந்து, எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. மேஜைமேல் வைத்தாள்.

"இது எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். அவர் மோட்டாரைப் பார்த்தார்.

"இல்ல... ஓரளவுக்கு நல்லாருக்கு."

"கிட்ட போய்ப் பாருங்க அண்ணாச்சி."

போனார். குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். விரல் கறுப்பாகியது.

"பழசு," என்றார்.

"அப்பிடி வாங்க. ஸ்பானிஷ்ல பொருள முதல்ல சொல்லுவாங்க. அது எப்படி இருக்குங்கிறத பெரும்பாலும் பின்னால வைப்பாங்க. எல் மோத்தோர் வியேஹோ. மோட்டார், பழசு."

"எல் மோத்தோர் வியேஹோ."

"இப்போ பையன். மத்தேயோ எப்படி?"

"நல்ல பையன்."

ஜெசிந்தா மோட்டாரை அவர் பக்கம் ஒரு சாண் தள்ளினாள்.

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். பையனைக் கொண்டுவந்து மேஜைமேல் நிறுத்த முயன்றார்.

"உயரம். வாசப்படியில தெனம் ரெண்டு தடவ தலைய இடிச்சுக்கிடுவான். மூக்கு பெருசு. அம்மாடி, நல்ல பெருசு. தயிர்சோத்துக்கு ஆரஞ்சுப் பழம் தொட்டுக்கிடுவான், பார்க்கவே சங்கடமா இருக்கும். அவன் சாப்பிட்ட தட்ட அவனே கழுவுவான்."

"பொறவு?"

"ஒரு நாள் எங்க வீட்டுக் கிணத்து மோட்டார் நின்னுபோச்சு. ரெண்டு பேருமா கயிறு கட்டி இழுத்தோம். பாதியில என் கையப் பிடிச்சு நிறுத்திட்டான். ‘அப்பா, நீங்க கட்டுன முடிச்சு தப்பு’ன்னான். வடிவு சொல்லிக்குடுத்திருக்கா, தமிழ்லயே சொன்னான். என்கிட்ட அப்படி யாரும் சொன்னதே இல்ல டீச்சர். அவுத்துட்டு அவனே கட்டினான். மோட்டார் மேல வந்துட்டு."

"உங்களுக்குக் கோவம் வரலையா?"

ஆவுடையப்பன் யோசித்தார். "இல்ல. அன்னைக்குத்தான் அவன எனக்குப் பிடிச்சுது," என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜெசிந்தா அன்றைக்கு நல்ல டீ கொடுத்தாள்.



இடையில் அவருடைய பிறந்தநாள் வந்தது. பிறந்தநாள் வந்தால் கேசரியும் வரும்.

கேசரியின் கதை முப்பது வருஷத்துக் கதை. அம்பாசமுத்திரத்தில் கோமதியைப் பெண் பார்க்கப் போன அன்று, தட்டில் மஞ்சள் மஞ்சளாக, நெய் மிதக்க, உச்சியில் ஒரு முந்திரியோடு கேசரி வந்தது. சின்ன வயதிலிருந்தே ஆவுடையப்பனுக்கு அந்த வழவழப்பு ஆகாது. தொண்டையில் வழுக்கிக்கொண்டு போவதை நினைத்தாலே உடம்பு கூசும்.

"மாப்பிள்ளைக்குக் கேசரி பிடிக்குமா? எங்க கோமதி கிண்டுனது," என்று கேட்டார்கள்.

கதவுக்குப் பின்னால் ஒரு புடவைத் தலைப்பு தெரிந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு மனுஷன் வேறு என்ன சொல்லுவான்?

"ரொம்பப் பிடிக்கும்," என்றார். நம்ப மாட்டார்களோ என்று பயந்து இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

மாட்டிக்கொண்டார். தீபாவளிக்குக் கேசரி. கல்யாண நாளுக்குக் கேசரி. பதவி உயர்வு வந்தபோது கேசரி, வராதபோது ஆறுதலுக்குக் கேசரி. குடல்வால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, டாக்டர் கஞ்சிதான் என்று சொல்லியிருந்தும், ஒரு கரண்டி கேசரி. முப்பது வருஷமாக அவர் ஒவ்வொரு முறையும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கேட்காவிட்டால் கோமதியின் முகம் வாடிவிடுமே.

இந்தப் பிறந்தநாளுக்கும் கோமதி அடுப்படியில் முக்கால் மணி நேரம் நின்று கிண்டினாள். அப்போதுதான் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். கொஞ்ச நாளாகவே தினமும் காலையில் கோயில். புடவைத் தலைப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. திருநீறு என்று நினைத்துக்கொண்டார்.

தட்டு வந்தது. முதல் வாயை வைத்தார். உப்புப் போட்ட டீயின் ஞாபகம் வந்தது.

"நோ மெ..." என்று தன்னையறியாமல் முனகினார்.

"என்ன முனகுதீங்க?"

"பாடம்."

"கேசரி எப்படி இருக்கு?"

"பிரமாதம்."

"இன்னும் வைக்கட்டா?"

"வையி. நீ சாப்பிடலையா?"

"நான் பொறவு சாப்பிடுதேன்," என்றாள் கோமதி. முப்பது வருஷமாக அவளும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.



மறுநாள் வகுப்பில் அவரே எழுந்து சாக்பீசை எடுத்தார். வலது பக்கம் போனார். ‘நோ மெ குஸ்தா எல்’ என்று எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. உள்ளங்கையாலேயே அழித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பிடிக்காதுன்னு சொன்னா, செஞ்சவங்க மனசு நொந்துபோகும்லா, டீச்சர்?"

"என்கிட்ட காலையில ஒரு அம்மா படிக்க வாராவ," என்றாள் ஜெசிந்தா. "உங்களுக்கு நேர் எதிர். வலது பக்கம் நெறஞ்சு வழிஞ்சு, பொறவு சுவத்துல எழுத ஆரம்பிச்சுட்டாவ."

சுவரைக் காட்டினாள். உண்மைதான். அழித்த தடம் ஜன்னல் வரைக்கும் போயிருந்தது.

ஆவுடையப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "பாவம் டீச்சர், அவிய வீட்டுக்காரர்!"

"ஆமா அண்ணாச்சி. பாவந்தான்."

"இடது பக்கம் ஒண்ணுமே எழுதலையா?"

"ரொம்ப நாளா காலி. நேத்துதான் ஒண்ணே ஒண்ணு எழுதினாவ. ஒரு ஆள் பேரு. வாயால சொல்லமாட்டேன்னுட்டாவ. எழுதிக் காட்டினாவ."

"யாரு பேரு?"

ஜெசிந்தா டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்தாள்.

"இன்னைக்குப் பாடம் ரெண்டே வார்த்தைதான். ஒருத்தரு பிடிக்கும்னு சொல்லுதாரு, நமக்கும் பிடிக்கும்னா, ‘ஆ மீ தம்பியென்’. எனக்கும் பிடிக்கும். ஒருத்தரு பிடிக்காதுங்காரு, நமக்கும் பிடிக்காதுன்னா, ‘ஆ மீ தம்போக்கோ’. எனக்கும் பிடிக்காது."

"தம்போக்கோ," என்று சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. "ஆனா இத நான் எங்க டீச்சர் சொல்லப்போறேன்?"

"சொல்ல வேண்டாம். காதுல விழுந்தா புரியணும்லா," என்றாள் ஜெசிந்தா.



மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வடிவோடும் மத்தேயோவோடும் அன்செல்மோ வந்து இறங்கினார். மகனைவிட ஒரு விரல் உயரம். அதே மூக்கு. வந்ததும் வாசப்படியில் இடித்துக்கொண்டார்.

காலை முழுவதும் அவர் ஆவுடையப்பனை விட்டு நகரவில்லை. வெயிலைக் காட்டினார், பிடிக்குமா என்று கேட்டார்.

"மெ குஸ்தா," என்றார் ஆவுடையப்பன்.

பக்கத்து வீட்டில் போர் போடும் இயந்திரம் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. இது?

"மெ குஸ்தா."

அன்செல்மோவின் கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. அவர் அதைச் சுட்டிக்காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

"மெ குஸ்தா," என்றது ஆவுடையப்பனின் வாய். அவரால் அதைத் தடுக்க முடியவில்லை.

அன்செல்மோவின் முகம் கறுத்துப்போனது. வடிவு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் கூடத்தில் இலை போட்டார்கள். ஒரு பக்கம் அன்செல்மோவும் மத்தேயோவும். எதிரே ஆவுடையப்பன், வடிவு, விருந்துக்கு அழைக்கப்பட்ட ஜெசிந்தா. கோமதி பரிமாறினாள். நல்ல காரியம் பேசுகிற நாள், அதனால் இலையின் ஓரத்தில் முதலில் விழுந்தது கேசரி.

அன்செல்மோ சாப்பிடவில்லை. கையை முழங்காலில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக் கேட்டார்.

"லே குஸ்தா மி இஹோ?"

என் மகனை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?

"மெ குஸ்தா," என்றார் ஆவுடையப்பன். மனதாரச் சொன்னார். அந்தப் பதினைந்து நாளும், கிணறும், கயிறும், முடிச்சும் எல்லாம் அதில் இருந்தது. ஆனால் காதில் விழுந்தபோது கொசுவுக்குச் சொன்னது மாதிரியேதான் இருந்தது. அவருக்கே கேட்டது.

அன்செல்மோ மெல்லத் தலையசைத்தார். வருத்தத்தோடு இன்னொரு கேள்வி கேட்டார். நீளமான கேள்வி. ஆவுடையப்பனுக்கு அதில் ‘நோ’வும் ‘குஸ்தா’வும் மட்டும் பிடிபட்டன. போதும். இருபது நாளாகப் பார்த்த வலது பக்கம் அது. உங்களுக்குப் பிடிக்காதது என்று ஏதாவது உண்டா?

உதவிக்கு ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா அப்பளத்தை நொறுக்குவதில் மும்முரமாக இருந்தாள்.

மகளைப் பார்த்தார். வடிவு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது.

ஆவுடையப்பனுக்கு முன்னால் ஒரு நிழல் விழுந்தது. கோமதி, கையில் கேசரிப் பாத்திரம். வழக்கம்போல இரண்டாம் தடவைக்கு வந்து நின்றாள். கரண்டி நிறைய எடுத்துக் குனிந்தாள்.

ஆவுடையப்பன் இலைமேல் கையை நீட்டி மறித்தார்.

"நோ," என்றார்.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"நோ மெ குஸ்தா," என்றார். "நோ மெ குஸ்தா எல் கேசரி."

பக்கத்து வீட்டு இயந்திரம் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

அன்செல்மோ இலையில் இருந்த மஞ்சள் குவியலைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். அந்தக் கரண்டியைப் பிடித்திருந்தவளின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆவுடையப்பனின் நெற்றியில் அரும்பியிருந்த வேர்வையைப் பார்த்தார். ஒரு வீட்டில் மனைவி கிண்டியதை விருந்தாளி முன்னால் வேண்டாம் என்று சொல்லுவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று ஆரஞ்சுத் தோப்புக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"இ மி இஹோ?" என்று மெதுவாகக் கேட்டார். என் மகன்?

ஆவுடையப்பன் மத்தேயோவை நிமிர்ந்து பார்த்தார்.

"சீக்கோ அல்தோ," என்றார். பையன், உயரம்.

"நரீஸ் க்ராந்தே." மூக்கு, பெரிசு.

அன்செல்மோவின் கை தன்னையறியாமல் தன் மூக்கைத் தொட்டது.

கிணற்றுக்கும் கயிற்றுக்கும் முடிச்சுக்கும் ஆவுடையப்பனிடம் ஸ்பானிஷ் இல்லை. இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார். "நோ," என்று தன் முடிச்சைக் காட்டித் தலையை ஆட்டினார். பிறகு மத்தேயோவைப் போல விரலை மடக்கி வேறு முடிச்சுப் போட்டார். "மத்தேயோ," என்றார். கயிற்றை இழுத்து மோட்டாரை மேலே கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மெ குஸ்தா," என்றார். "முச்சோ. முச்சோ." ரொம்ப, ரொம்ப.

அன்செல்மோ எழுந்து, இலைகளைத் தாண்டி, சாம்பாரைத் தட்டிவிட்டு வந்து, அவரைக் குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கிக் கட்டிக்கொண்டார். வடிவு அழுதுகொண்டே சிரித்தாள். மத்தேயோ சாம்பாரைத் துடைக்கத் துணி தேடினான்.

கீழே இறக்கிவிடப்பட்ட பிறகுதான் ஆவுடையப்பனுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

கோமதி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பாத்திரம் கையில். கரண்டி அந்தரத்தில். அவள் புடவைத் தலைப்பில் இன்றைக்கும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"கோமதி," என்றார். "முப்பது வருஷமா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அன்னைக்கு அம்பாசமுத்திரத்துல... நீ கதவுக்குப் பின்னால நின்ன... என்னால..."

அதற்கு மேல் தமிழும் வரவில்லை, ஸ்பானிஷும் வரவில்லை.

கோமதி பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். கரண்டியைக் கேசரிக்குள் குத்தி நிறுத்தினாள்.

"ஆ மீ தம்போக்கோ," என்றாள்.